ஊவா மலையேறிய எரிபொருள்கள்



பெற்றோலும் டீசலும் எரித்து ஓடும் மோட்டார் வண்டிகளைப் படிப்படியாக விலக்கிவிட வேண்டும் என்ற பேச்சு இன்று உலகின் பல நாடுகளிலும் எழுந்துள்ளது. பிரித்தானிய அரசாங்கம் 2017ஆம் ஆண்டில் இதற்கு 2040 என்று ஒரு தவணை குறித்தது. 2020இல் அத்தவணையை 2030க்கு முன்தள்ளியது. 2023இல் 2035க்குப் பின்போட்டது. 2025இல் மீண்டும் 2030க்கே வந்து சேர்ந்தது. நம் இலங்கையிலும் 2017 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர பாராளுமன்றத்தில் ஆற்றிய வரவு செலவுத்திட்ட உரையில், 2040ஆம் ஆண்டளவில் நாட்டின் வண்டிகள் யாவும் பெற்றோல், டீசலைத் தனித்து நம்பியிராத வண்டிகளாக மாறிவிட வேண்டும் என்ற குறிக்கோள் இடம்பெற்றது.

இவற்றைக் கேட்கும் நேயர்களுள் சிலர், "பெற்றோல் இன்றி வண்டி ஓடுமா? இஃது ஆகக்கூடிய காரியமா?" என்று ஐயுறக்கூடும். வரலாறு கற்பிக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் நான் அவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. நான் வாழும் பண்டாரவளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கு ஒரு மூடை அரிசி வந்து சேர வேண்டுமாயின் ஏதேனும் ஒரு சக்தி அதனை மலையேற்றியே ஆகவேண்டும். சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் அந்தச் சக்தி ஒருமுறையன்று, பலமுறை மாறியிருக்கிறது. எரிபொருள் மாறுவது எங்கள் மலைக்குப் புதிதன்று. மாறும்பொழுது அதன் நன்மை யாரைச் சேர்ந்தது, அதற்குரிய விலையை யார் கொடுத்தார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊவா மலைப்பாதையில் சற்று நடந்து பார்ப்போம்.

முதலில் இப்பாதையில் ஏறியவை காளைகள். பாதைகள் செப்பனிடப்படாத காலத்தில் பொதி சுமக்கும் மாடுகள் வரிசையாகச் சென்றன. இவ்வரிசையைத் தவளம் என்பர். உப்பும் கருவாடும் கரையோரத்திலிருந்து மேலே வந்தன. பாக்கும் பிற மலைப் பொருள்களும் கீழே சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தவளத்தின் முதுகு போதாதாயிற்று. பாதைகள் அகலமாயின, மாட்டுக் கரத்தைகள் வந்தன. கோப்பி மூடைகளை ஏற்றிக் கொழும்புக்குச் சென்ற கரத்தை, தோட்டத் தொழிலாளருக்கான அரிசியை ஏற்றிக்கொண்டு திரும்பிவரும். போய்வர வாரக்கணக்காகும். மழைக்காலத்தில் சேற்றில் சில்லுகள் புதைந்துவிடும். கால்நடை நோய் பரவினால் பாதையே ஓய்ந்துவிடும். காளையின் எரிபொருள் வழியோரத்துப் புல்லும் வைக்கோலுமேயாம். அதற்காக அந்நிய நாட்டிடம் ஒரு சதமேனும் நாம் கொடுத்ததில்லை. ஆயினும் அந்தப் பாதைகளை வெட்டிய கைகள், பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாகக் காட்டினூடே நடந்து வந்த நம் முன்னோரின் கைகள் என்பதை மறத்தலாகாது. வழியிலேயே மடிந்தவர் பலர்.

1869ஆம் ஆண்டில், எங்கள் பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த மடுல்சீமையில் கோப்பி இலையில் ஒரு செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நோய் இலங்கைக் கோப்பியைப் பூண்டோடு அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்குக் கரத்தை போதியதாயிருந்தது. தேயிலைக்கோ அது போதாது. கொழுந்து பறித்த அன்றே தொழிற்சாலை இயங்கவேண்டும். பெரிய இயந்திரங்கள் மலைக்கு வரவேண்டும். மரப் பெட்டிகளில் அடைத்த தேயிலை நனையாமல் துறைமுகம் சேரவேண்டும். ஆகவே தோட்டத்துரைமார் புகையிரதம் வேண்டுமென்று விடாது கோரினர்.

கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1867இல் கண்டியை அடைந்தது. 1885இல் நானுஓயாவை அடைந்தது. 1894இல் எங்கள் பண்டாரவளையை வந்தடைந்தது. வழியில் பட்டிப்பொலை அருகே 6,200 அடிக்கு மேல் ஏறி, பின் இறங்கி வந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு உள்ள குறுகிய தூரத்தைக் கடக்க அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிலையத்தின் அடியிற் புகுந்து செல்லும் அற்புதமும், எல்லைக்கு அருகே உருக்குச் சட்டங்களின்றிக் கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும் அக்காலத்து ஆக்கங்களே. 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது.

அப்புகையிரதத்தின் எரிபொருள் நிலக்கரி. நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நிலக்கரி இலங்கை மண்ணில் கிடைப்பதன்று, கப்பலில் வந்தது. புல்லை உண்ட காளையிலிருந்து, கடல் கடந்து வந்த கரியை உண்ட இயந்திரத்துக்கு நாம் மாறிய அந்த நாளில்தான், நம் மலையின் போக்குவரத்து முதன்முதலாக அந்நிய எரிபொருளை நம்பலாயிற்று. வேகம் கிடைத்தது, விலை குறைந்தது, நோயாளி வைத்தியசாலையை அடையும் நேரம் சுருங்கியது. இவை பெரிய நன்மைகள். ஆயினும் நெடுந்தூரக் கரத்தையோட்டிகளின் பிழைப்புப் போயிற்று. அவர்களுள் சிலர் புகையிரத நிலையத்திலிருந்து தோட்டம்வரை மூடை ஏற்றும் குறுந்தூரப் பிழைப்பிற் புகுந்தனர். ஏனையோர் வரலாற்றின் ஏட்டிற் பெயரில்லாமல் மறைந்தனர்.

இதே காலத்தில் தோட்டங்களுக்குள்ளே வேறொரு சக்தி ஓசையின்றி உழைத்துக்கொண்டிருந்தது. அதுதான் மலையருவி. பல தோட்டங்களில் ஓடையை மறித்து, குழாய்வழி நீரை இறக்கி, அதன் விசையால் சக்கரத்தையும் சுழலியையும் சுற்றித் தேயிலை இயந்திரங்களை ஓட்டினர். என் தகப்பனார் அத்தகைய ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொழிற்சாலையை எங்கள் தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்றே சொல்வர். இரவில் ஸ்டோரின் பக்கமிருந்து வரும் அந்தச் சுழலியின் ரீங்காரம் என் சிறுவயதின் தாலாட்டு. பிற்காலத்தில் பொது மின்சாரம் வந்ததும் அதனைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிட்டனர். அக்காலத்தில் அதனை முன்னேற்றம் என்றே நாங்கள் நினைத்தோம். பல தோட்டங்களில் அத்தகைய சிறு நீர்மின் நிலையங்களைப் பின்னர் தேடிப் புதுப்பிக்கவேண்டி வந்தது.

இனி மோட்டார் வண்டியின் கதைக்கு வருவோம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886இல் பெற்றோல் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எவரும் பெற்றோலே வெல்லும் என்று உறுதி கூறியிருக்க முடியாது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 4,192. அவற்றுள் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெற்றோலால் ஓடியவை 936 மட்டுமே! முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டிய வண்டியும் மின்சார வண்டியே. அது 1899இல் நிகழ்ந்தது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலோ, ருடோல்ஃப் டீசல் கண்டுபிடித்த இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. ஆகவே மின்சார வண்டியும் தாவர எண்ணெயும் இன்றைய புதுமைகள் என்று எண்ணுவது பிழை. அவை நம் பாட்டனார் காலத்துப் போட்டியாளர்கள்.

பின்னர் பெற்றோல் எவ்வாறு வென்றது? அமெரிக்காவில் புதிய எண்ணெய்க் கிணறுகள் திறக்கப்பட்டன, எண்ணெய் மலிந்தது. ஹென்றி ஃபோர்டு 1908இல் வெளியிட்ட வண்டி நடுத்தர மக்களின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது. 1912இல் மின்விசையால் இயந்திரத்தைத் தொடக்கும் சாதனம் வந்தபின், கைபிடித்துச் சுழற்றும் தொல்லையும் ஒழிந்தது. மின்கலங்களோ பாரமானவை, சிறிது தூரமே ஓடுவன. கிராமப் புறங்களில் மின்சாரமே இல்லை. இவ்வாறு சில பத்தாண்டுகளுள் போட்டி முடிந்தது. தரத்தோடு விலையும் வசதியுமே வெற்றியைத் தீர்மானித்தன என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

பெற்றோலும் டீசலும் எங்கள் மலைக்கு லொறியிலும் பஸ் வண்டியிலும் ஏறி வந்தன. துரையின் காரும் வந்தது. ஆயினும் மலைநாட்டு ஏழை மக்களின் வாழ்வை மாற்றியது கார் அன்று; பஸ் வண்டியே. 1958 சனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. தோட்டத்துப் பிள்ளை நகரத்துப் பாடசாலைக்குப் போகலாம் என்ற எண்ணம் எங்கள் பெற்றோரின் உள்ளத்தில் உதித்ததற்கு, நாளுக்கு இருமுறை வந்த பஸ் வண்டியும் ஒரு காரணம். இருப்புப்பாதையிலும் மாற்றம் வந்தது. 1954 முதல், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா முதலிய அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி இலங்கை இருப்புப்பாதையில் ஓடின. பி. டி. றம்பாலா அவர்களின் தலைமையில் நீராவி படிப்படியாக ஓய்வு பெற்றது. நீராவியை விலக்குவதற்கும் ஓர் இரவு போதவில்லை. பல ஆண்டுகள் பிடித்தன.

எண்ணெயோடு அரசியலும் சேர்ந்தே வந்தது. நம் நாட்டு எண்ணெய் வியாபாரம் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்னும் அந்நியக் கம்பனிகளின் கையில் இருந்தது. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. அடுத்து அக்கம்பனிகளின் சொத்துக்கள் சிலவற்றை அரசு கையேற்றது. நட்டஈடு பற்றிய பிணக்கால் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964இல் எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. விற்கும் கடை நம்முடையதாயிற்று. ஆயினும் எண்ணெய்க் கிணறு நம்முடையதாகவில்லை. 1973இல் மேற்காசியப் போரை அடுத்துச் சில மாதங்களில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அவ்வாண்டுகளில் தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடியதை எங்கள் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆயினும் அதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் கிடைக்காதபோது மனிதன் என்ன செய்தான்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தமிழ்நாட்டில் பெற்றோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்போது பஸ் வண்டியின் பின்புறத்தில் உருளை வடிவான ஓர் அடுப்பைப் பொருத்தி, அதில் மரக்கரியை எரித்து, வரும் வாயுவை இயந்திரத்துக்குச் செலுத்தி ஓட்டினர். அதனைக் 'கரி பஸ்' என்றனர். புறப்படுமுன் ஊதியைக் கையாற் சுழற்றி நெருப்பை மூட்டவேண்டும். மேட்டில் வண்டி திணறும். பயணிகள் இறங்கித் தள்ளவேண்டி நேரும். அந்த வாயுவில் எரியக்கூடிய பகுதி பெரிதும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவே. போர் முடிந்து பெற்றோல் கிடைத்ததும் மக்கள் அந்த அடுப்பைக் கழற்றி எறிந்தனர். நெருக்கடியிற் பிறந்த மாற்று, நெருக்கடியோடே மறைவது இயல்பு.

நெருக்கடி என்றேன். 2022ஆம் ஆண்டை இந்நாட்டில் எவரும் மறந்திருக்கமாட்டார். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் சாதாரண பெற்றோல் 177 ரூபாய். டீசல் 121 ரூபாய். 2022 யூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாய்; டீசல் 460 ரூபாய். விலை கொடுக்க இயன்றவனுக்கும் எண்ணெய் இல்லை. டொலர் இல்லை, ஆகவே கப்பல் இல்லை, ஆகவே எண்ணெய் இல்லை. யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த எவருக்கும் எரிபொருள் வழங்குவதை அரசாங்கம் நிறுத்தியது. பண்டாரவளை நகரில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இரவும் பகலும், குளிரிலும் மழையிலும் நின்றன. நாட்டின் பல பாகங்களில் வரிசையிலேயே உயிர் துறந்தோரும் உளர்.

அந்நாட்களில் என் பாடசாலையில் கண்டதை இங்கே கூறுகிறேன். வாயிற் கதவருகே நின்று யார் வருகிறார் என்று எண்ணுவதே என் காலைப் பணியாயிற்று. தியத்தலாவையில் இருந்து ஓர் ஆசிரியை நடந்தே வந்தார். முச்சக்கர வண்டி ஓட்டும் ஒரு தகப்பனார் மூன்று நாள் வரிசையில் நின்றதால், அவருடைய மகன் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டான். தொலைவிலுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் வரவேயில்லை. பாடசாலைகள் மூடப்பட்டு, இணையவழிக் கல்வி என்று அறிவித்தபோது, ஒரு லயத்துக்கு ஒரு கைத்தொலைபேசியேனும் உண்டா என்று நாங்கள் கணக்கெடுத்தோம். பாடசாலை மீண்டும் திறந்தபின் திரும்பி வராத பிள்ளைகள் சிலர். கடைச் சிப்பந்தியாகக் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று அறிந்தேன். எண்ணெய் விலையைப் பற்றிய கணக்குகளில் அந்தப் பிள்ளைகள் எந்த நிரலிலும் இடம்பெறார்.

ஆகவே, மாற்று எரிபொருளைத் தேடுவது செல்வந்த நாடுகளைப் பார்த்து நாம் போடும் வேடமன்று. நம் பிள்ளைகளின் தேவை அது. மாற்றுக்கள் எவை, நமக்கு எட்டுபவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது எரிவாயு. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நம் நாட்டில் பல கார்களும் முச்சக்கர வண்டிகளும் சமையல் வாயுவான திரவப் பெற்றோலிய வாயுவில் ஓடின. அது சற்றுச் சுத்தமானது. ஆயினும் அதுவும் எண்ணெயின் உடன்பிறப்பே. அதுவும் கப்பலில் வரவேண்டியதே. இந்தியத் தலைநகரான தில்லியில் 1998இல் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளைப்படி நகர பஸ் வண்டிகள் அழுத்திய இயற்கை வாயுவுக்கு மாறின. நம் மன்னார்க் கடற்படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. இதுவரை அது வெளியே எடுக்கப்படவில்லை.

இரண்டாவது, பயிரிலிருந்து வடிக்கும் எரிசாராயம். பிரேசில் நாடு 1975 முதல் கரும்பிலிருந்து எரிசாராயம் எடுத்து மோட்டார்களை ஓட்டிவருகிறது. இந்தியாவும் 2025இல் பெற்றோலில் ஐந்தில் ஒரு பங்கு எரிசாராயம் கலக்கும் நிலையை எட்டியது. எங்கள் ஊவா மாகாணத்திலேயே பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனித் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே சாராயமும் வடிக்கப்படுகிறது. ஆனால் நாட்டின் வண்டிகள் யாவற்றுக்கும் போதிய கரும்பு பயிரிட நிலம் எங்கே? சோற்றுக்கு நெல் விளையும் நிலத்தில் வண்டிக்கு உணவு பயிரிடுவது அறமாகுமா? சிறிது கலப்பதற்கு அது உதவும். முழுத் தேவைக்கும் உதவாது.

மூன்றாவது ஐதரசன். அது எரிந்தால் நீராவியே மிஞ்சும். ஆயினும் ஐதரசனைப் பிரித்தெடுக்கவே பெருமளவு மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரத்தை நேரே வண்டிக்கு ஊட்டினால் அதைவிடக் கூடிய தூரம் போகலாம். சாதாரணக் காருக்கு அஃது ஏற்றதாகத் தோன்றவில்லை.

எஞ்சியது மின்சாரம். மின்சார வண்டி நம் நாட்டுக்கும் புதிதன்று. கொழும்பு வீதிகளில் 1899 முதல் 1960வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடின. 1953 முதல் 1964வரை, மேலே கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் டிரொலி பஸ்களும் ஓடின. இரண்டையும் நாமே விலக்கினோம். டீசல் பஸ் மலிவென்று எண்ணினோம். மோட்டார் இயந்திரம் எரிக்கும் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ வெப்பமாக வீணாகிறது. மின்சார மோட்டாரோ பெற்ற சக்தியின் பெரும்பகுதியைச் சில்லுக்குச் சேர்ப்பிக்கிறது. மலைப்பாதைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைப் பக்கம் இறங்கும் டீசல் லொறி, தடையை அழுத்தி அழுத்தித் தன் சக்தியைச் சூடாக்கி இழக்கிறது. மின்சார வண்டி இறங்கும்போது அதன் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஏறும்போது செலவிட்டதில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பித் தருகிறது.

ஆயின் அந்த மின்சாரம் எங்கிருந்து வருவது? இங்கேதான் வரலாறு மீண்டும் நம் தோளைத் தொடுகிறது. 1918இல் டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர், இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரை படித்தார். லக்சபானை மின்நிலையத்தின் முதற்கட்டம் இயங்கியது 1950இல். ஒரு நல்ல யோசனை செயலாக முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன! இன்று நீர்மின்சாரம் மட்டும் நமக்குப் போதவில்லை. நுரைச்சோலையில் இறக்குமதி நிலக்கரியை எரித்து நம் மின்சாரத்தில் பெரும் பங்கைப் பெறுகிறோம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நேர்ந்தது. அன்று மின்சாரக் கார் வைத்திருந்தவரும் இருட்டிலேயே இருந்தார். அந்நியக் கரியில் பிறந்த மின்சாரத்தால் ஓடும் வண்டி, 1894இல் எங்கள் மலைக்கு வந்த நிலக்கரிப் புகையிரதத்தின் பேரப்பிள்ளையேயன்றி வேறன்று.

நீர்மின்சாரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பண்டாரவளை மக்கள் நன்கறிவர். உமா ஓயாவின் நீரைப் புகுல்பொலையிலும் டயரபாவிலும் அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்த நீண்ட சுரங்கத்தின் வழியே கிரிந்தி ஓயாப் பக்கம் இறக்கி, நிலத்தடி நிலையத்தில் 120 மெகாவாட் மின்சாரம் பெறுவதும், வறண்ட தென்கிழக்குக்கு நீர் கொடுப்பதும் திட்டம். 2014 டிசம்பரில் சுரங்கம் தோண்டும்போது மலையின் உள்ளிருந்த நீர் பீறிட்டுச் சுரங்கத்துள் வடியத் தொடங்கியது. மேலே எங்கள் கிணறுகள் வற்றின, ஊற்றுக்கள் மறைந்தன, ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. தலைமுறை தலைமுறையாக நீர் இறைத்த கிணற்றின் அடியிற் காய்ந்த மண்ணை எட்டிப்பார்த்த முதியவர்களை நான் கண்டேன். நீர்த்தாங்கி லொறி வரும் நேரம் பார்த்து வாளியோடு நின்ற பிள்ளைகள் தாமதித்தே பாடசாலைக்கு வந்தனர். 2017இல் பண்டாரவளை மக்கள் திரண்டு வீதிக்கு வந்து முறையிட்டனர். 2024 ஏப்பிரல் 24ஆம் திகதி திட்டம் திறந்துவைக்கப்பட்டது. அத்திட்டத்தின் மின்சாரம் இன்று நாடெங்கும் பாய்கிறது, தென்கிழக்கின் வயல்கள் நீர் பெறுகின்றன, அவை நன்மைகளே. ஆயினும் கொழும்பு வீதியில் ஓசையின்றிச் செல்லும் மின்சாரக் கார் ஒன்றுக்குள், எங்கள் கிணற்று நீரும் சிறிது ஓடுகிறது என்பதை அதில் அமர்ந்திருப்பவர் அறிதல் நன்று.

வேறு நாடுகள் என்ன செய்தன? நோர்வே நாட்டில் 2024இல் விற்ற புதிய கார்களுள் பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவானவை மின்சாரக் கார்கள். அந்நாட்டு மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரிலிருந்து வருவது. ஆனால் அந்நாட்டுக்குக் கடலடி எண்ணெயை விற்றுச் சேர்த்த செல்வம் உண்டு. வரிச் சலுகையை வாரி வழங்க இயன்றது. நமக்கு ஒப்பாகக் கூறத்தக்கது எத்தியோப்பியா. வறிய நாடு, எண்ணெய்க்கு டொலர் செலவிட்டுத் தளர்ந்த நாடு, நீர்மின்சாரம் உள்ள நாடு. அது 2024இல் பெற்றோல், டீசல் கார்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. நம் நாட்டிலோ மின்சாரக் கார்களுக்கு வரி குறைக்கப்பட்டபோது 2015இல் அவை ஆயிரக்கணக்கில் வந்தன. அவ்வாண்டு இறுதியில் வரி உயர்த்தப்பட்டதும் வரவு சுருங்கியது. 2020இல் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் திறக்கப்பட்டதும் புதிய மின்சாரக் கார்கள் வரத்தொடங்கின. அவற்றின் விலையைக் கேட்டால், தோட்டத் தொழிலாளியின் வாழ்நாட் சம்பளம் முழுவதும் சேர்ந்தாலும் போதுமோ என்று ஐயம் பிறக்கிறது.

ஆகவே, எதை முதலில் மாற்றுவது என்பதில் நாம் தெளிவு கொள்ளவேண்டும். துரையின் கார் அன்று எங்கள் வாழ்வை மாற்றவில்லை. பஸ் வண்டியே மாற்றியது என்று முன்னர்ச் சொன்னேன். அந்த வரிசை இன்றும் பொருந்தும். முதலில் பஸ் வண்டி மாறட்டும். ஒரு பஸ் வண்டி மாறினால் ஐம்பது பேரின் பயணம் மாறும். அடுத்து முச்சக்கர வண்டி மாறட்டும். நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ளன. அவை அன்றாடம் செல்லும் தூரமும் பெரிதன்று. இருப்புப்பாதை மின்மயமாகட்டும், நம் நாட்டில் ஓரங்குலப் பாதையேனும் இன்னும் மின்மயமாகவில்லை. தனியார் கார் இறுதியில் மாறினாற் போதும்.

மின்சாரத்துக்கு வழியும் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. 2025 ஏப்பிரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் மின்சாரத்தின் தேவை குறைந்ததால், கூரைமேற் சூரியப் படலம் பொருத்தியவர்கள் அதனைப் பகல் வேளையில் நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயிலில் விளைந்த மின்சாரத்தைக் கொள்வாரின்றி விட்டோம்! நண்பகலில் தரிப்பிடத்தில் நிற்கும் பஸ் வண்டிக்கும், பாடசாலை வாயிலில் காத்திருக்கும் முச்சக்கர வண்டிக்கும் அந்த மின்சாரத்தை ஊட்டினால், கரியும் வேண்டாம், புதிய சுரங்கமும் வேண்டாம். தோட்டத்து ஓடைகளிற் சிறு சுழலிகள் மீண்டும் சுற்றலாம். அவற்றுக்கு மலையைக் குடைய வேண்டியதில்லை. ஆனால் அவற்றை அமைக்கு முன், ஓடையின் கீழே நீர் எடுக்கும் லயத்து மக்களைக் கேட்டுச் செய்யவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயலோடு வந்த பெருமழையில் எங்கள் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன, பலர் மாண்டனர், பாதைகள் அறுந்தன, மலைநாட்டு இருப்புப்பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. புவி வெப்பமாகுந்தோறும் பெருமழை மேலும் கடுமையாகும் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். உலகம் எரித்த எண்ணெயில் லயத்து மக்களின் பங்கு மிகச் சிறிது. சரிந்த மண்ணின் கீழ் அகப்பட்டவர்களுள் அவர்களின் பங்கு சிறிதன்று.

நேயர்களே! காளை போய்க் கரி வந்தது. கரி போய் எண்ணெய் வந்தது. எண்ணெயும் ஒருநாள் போகும். அது போவதை நான் வருத்தத்தோடு பார்க்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும், பாதை வெட்டியவரையும், கரத்தை ஓட்டியவரையும், கிணறு இழந்தவரையும் கேளாமலே காரியம் நடந்தது. அடுத்த மாற்றம் எங்கள் ஊருக்கு வரும்பொழுது, அதனை நான் ஓர் எளிய அளவுகோலால் அளப்பேன். மழைக்காலத்துக் காலை வேளையில், மேற்றோட்டத்துப் பிள்ளை தன் கிணற்று நீரில் முகங்கழுவி, வரவேண்டிய நேரத்துக்கு வரும் பஸ் வண்டியில் ஏறி, முதல் மணி அடிக்குமுன் என் பாடசாலை வாயிலை அடையவேண்டும். அதற்கு உதவும் எரிபொருளே எங்கள் மலைக்கேற்ற எரிபொருள்.